பேஸ்பால் பார்த்து வாயை மூடின கதை

இன்னிக்குக் காலையில ஒரு பரீட்சை ஹால் வாசல் வரைக்கும் வாயே திறக்காம போனேன்!

நான்!

(என்னைத் தெரிஞ்சவங்க ஒரு சோடா குடிச்சிட்டு வந்து மேல படிங்க.)

எம்பொண்ணு ஷர்மிக்கு இன்னிக்கு பியானோ கிரேடு எக்ஸாம். ரெண்டாவது தடவை.

போன தடவை போயிடுச்சு. அன்னிக்கு அரியாங்குப்பத்துல வீட்டாண்ட வண்டிய எடுத்ததுல இருந்து ஹால் கதவு வரைக்கும் நான் அட்வைஸ் பண்ணிக்கினே போனேன். "தோளைத் தூக்காத, அவசரப்படாத, மூச்சு விடு"ன்னு ஒரே மழை. உள்ள போனதும் புள்ளைக்கு எல்லாம் மறந்துடுச்சு.

"உன்னாலதான்பா"ன்னு அழுதா.

நேத்து சொல்லிட்டா, "இந்த தடவையும் போச்சுன்னா நான் பியானோவையே விட்டுடுவேன்."

அதுல இருந்து எனக்கு சோறே எறங்கல. சாயங்காலத்துல ஓட்டல் லாபியில கீபோர்டு வாசிக்கிறவன் நான். நோட்ஸ் படிக்கத் தெரியாது, எல்லாம் கேள்வி ஞானம். அவளாவது முறையா கத்துக்கணும்னு ஒரு ஆசை.

இப்போ பேஸ்பாலுக்கு வரேன். (வராம இருப்பனா!)

புதுசா வந்தவங்களுக்கு: நாலு வருஷமா நான் ஒரு அமெரிக்க பேஸ்பால் டீமுக்கு வெறியன். லாபியில ஒரு வெள்ளக்கார கெஸ்ட், அவங்க ஊர் பேஸ்பால் ஸ்டேடியத்துல வாசிக்கிற டியூன்னு சொல்லி ஒண்ணை ஹம் பண்ணிக் காட்டி வாசிக்கச் சொன்னாரு. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தா, ஸ்டேடியத்துல ஒருத்தர் உக்காந்து ஆட்டத்துக்கு நடுநடுவுல ஆர்கன் வாசிக்கிறாரு! கீபோர்டுக்காரனுக்கு வேற என்னா வேணும்? ஆர்கன் கேக்கப் போயி ஆட்டத்துல மாட்டிக்கினேன். அங்க ராத்திரி மேட்ச்னா நமக்கு காலை டிபன் டைம்.

(டீம் பேர் சொல்ல மாட்டேன். சொன்ன அன்னிக்கெல்லாம் தோத்துடுது.)

இன்னிக்கு இட்லி வேகும்போது போன்ல பார்க்கிறேன், அஞ்சு இன்னிங்ஸ் முடிஞ்சிருக்கு, எங்க பிட்சர், அதான் பந்து போடுறவன், அவன் பந்துல ஒருத்தனாலயும் ஒரு ஹிட் கூட அடிக்க முடியல. ஒன்பது இன்னிங்ஸும் இப்படியே போனா அது பெரிய சாதனை. எப்பவாவதுதான் நடக்கும்.

என் வீட்டுக்காரி சுகந்தி எட்டிப் பார்த்தா. "அந்த ஆளு ஏன் பெஞ்சுல தனியா உக்காந்திருக்கான்? யாருகூடயும் சண்டையா?"

"சண்டை இல்ல. இந்த மாதிரி நேரத்துல பிட்சர்கிட்ட யாரும் பேச மாட்டாங்க. பக்கத்துலயே போக மாட்டாங்க. பேசினா கெட்டுடும்னு அங்க ஒரு வழக்கம்."

சுகந்தி கரண்டியோட என்னையே பார்த்தா.

"விவரமான ஆளுங்க. நீங்களும் இன்னிக்கு ஒரு நாள் அப்படி இருங்களேன்!"

சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா நியாயம்தானே? சரின்னுட்டேன்.

எட்டே முக்காலுக்கு வண்டி கெளம்புச்சு. பாலத்துல காலை டிராஃபிக். தொண்டை வரைக்கும் அட்வைஸ் வந்து நிக்குது, முழுங்குறேன். மறுபடி வருது, மறுபடி முழுங்குறேன்.

முருங்கப்பாக்கம் தாண்டினதும் பின்னாடி இருந்து "அப்பா?"

"ம்."

"ஒண்ணும் இல்ல."

கேட்டாண்ட எறக்கி விட்டேன். உள்ள போறப்ப ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தா. நான் அசையல. நானும் பெரிய தியாகி மாதிரி நின்னேன்!

எதிர்ல ஒரு மர நிழல்ல வண்டிய போட்டுட்டு போனை எடுத்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸ். ரெண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒருத்தன். ஸ்டேடியமே எழுந்து நிக்குது. எனக்கு உள்ளங்கை வேர்க்குது, அது பிட்சருக்காகவா பொண்ணுக்காகவான்னு எனக்கே தெரியல.

அடிச்சுட்டான்!

ரெண்டு ஃபீல்டருக்கு நடு கேப்புல பந்து போயிடுச்சு. சாதனை போச்சு. ஐயோன்னு தலையில கை வெச்சுக்கினேன், பக்கத்துல பூ வாங்கினு இருந்த ஒரு அம்மா "யாருக்குப்பா என்னாச்சு?"ன்னு கேட்டுட்டாங்க.

ஆட்டம் ஜெயிச்சோம், அது வேற விஷயம்.

பத்து மணிக்கு ஷர்மி வெளிய வந்தா. கண்ணு செவந்திருக்கு.

"என்னாம்மா?"

"நீ ஏன்பா பேசவே இல்ல?"

"அது வந்து..."

"நான் ஃபெயிலாயிடுவேன்னு முடிவு பண்ணிட்ட இல்ல? இவகிட்ட சொல்லி என்னா ஆகப்போகுதுன்னு விட்டுட்ட இல்ல?"

அடப்பாவி! நான் எங்க போய் முட்டிக்கிறது?

அங்கயே பிளாட்பாரத்துல நின்னு எல்லாத்தையும் சொன்னேன். பிட்சர், பெஞ்சு, அம்மாவோட கரண்டி, ஒண்ணு விடல. அவ வாயைப் பொளந்துக்கினு கேட்டா.

"உனக்கு மூளை இருக்காப்பா? அவன் எவனோ! நான் உன் பொண்ணு!"

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அவளே கொஞ்சம் எறங்கி வந்தா. "ரெண்டாவது பீஸ்ல நடுவுல நின்னுட்டேன். எக்ஸாமினர் பொறுமையா, விட்ட இடத்துல இருந்து வாசின்னாங்க. வாசிச்சேன். முடிச்சேன். பாஸா ஃபெயிலான்னு தெரியல."

"அப்போ... பியானோ?"

"விட மாட்டேன். ஆனா அடுத்த தடவை நீ பேசணும். ஒரு அட்வைஸ் ஒரு தடவைதான். பத்து தடவை சொன்னா கொன்னுடுவேன்."

"இப்போ ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு."

வண்டிய எடுத்தேன். சொல்ல ஆரம்பிச்சேன். அவளும் பதிலுக்குப் பதில் பேசினா. தோள், மூச்சு, அந்த ரெண்டாவது பீஸு, எங்க டீமோட ஆர்கன்காரரு, எல்லாம்.

அப்போ சுகந்தி போன் பண்ணா. ஷர்மி ஸ்பீக்கர்ல போட்டா.

"எக்ஸாம் முடிஞ்சு எவ்ளோ நேரம் ஆச்சு! எங்கதான் இருக்கீங்க?"

அப்பத்தான் ரெண்டு பேரும் சுத்திப் பார்த்தோம். வீட்டைத் தாண்டி, அரியாங்குப்பமே எப்பவோ போயிடுச்சு. எதிர்ல நோணாங்குப்பம் போட் ஹவுஸ் போர்டு!

"அம்மா, நோணாங்குப்பத்துல இருக்கோம்."

"அங்க எதுக்குடி போனீங்க?"

"அப்பா இன்னும் பேசி முடிக்கலம்மா."