ஃப்ரிட்ஜில் ஒட்டிய பாதகக் குறிப்பு

பணியாளர் ஒருவரின் ஆண்டு அறிக்கையில் பாதகமான குறிப்பு எழுதப்பட்டால், அதை அவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பதில் மனு கொடுக்க அவருக்கு ஒரு மாத அவகாசம் தர வேண்டும். மனு வந்தால் படித்துப் பார்த்து, குறிப்பை வைத்திருப்பதா நீக்குவதா என்று முடிவு சொல்ல வேண்டும். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் பணியாளர் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்து, இந்த விதியைப் பிறருக்கு விளக்கிக்கொண்டிருந்தவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைசியாக எழுதிய அறிக்கையில் மட்டும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. அப்போது நான் ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. சம்பந்தப்பட்டவருக்கு வயது ஆறு. என் மகளின் மகள்.

ஆஸ்டின் டவுனில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. மகளும் மருமகனும் குழந்தையும் என்னோடு இருக்கிறார்கள். அல்லது நான் அவர்களோடு இருக்கிறேன். அன்றைக்கு யார் யாரோடு சண்டை என்பதைப் பொறுத்தது. மருமகனுக்குப் பீன்யாவில் வேலை. காலை ஆறரைக்கெல்லாம் மெட்ரோ பிடிக்கப் போய்விடுவார். மகள் வெளிவட்டச் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். இரவு எட்டரை மணிக்கு வருவாள், டிராஃபிக் அனுமதித்தால். பள்ளி வேன் மூன்றே முக்காலுக்குக் குழந்தையை வாசலில் இறக்கிவிடும். அதிலிருந்து எட்டரை வரை பொறுப்பு அதிகாரி நான்தான். யாரும் எழுத்தில் உத்தரவு போடவில்லை. கூடுதல் பொறுப்புகள் எப்போதும் அப்படித்தான் வந்து சேரும்.

ஜூலையில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். பாதி கன்னடத்திலும் பாதி ஆங்கிலத்திலும் அவர் சொன்னதன் சாரம் இது: குழந்தைக்கு எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் படிக்கவில்லை, படத்தைப் பார்த்துக் கதை சொல்கிறாள். ஆண்டு முடிவதற்குள் படிக்கும் பழக்கம் வராவிட்டால், அடுத்த வகுப்பில் மற்றவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டில் ஏதாவது ஒரு மொழியில் தினமும் படிக்கட்டும், எந்த மொழியானாலும் சரி. ஒன்றாம் வகுப்பில் யாரையும் நிறுத்தி வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் மகள் என் காலை மிதித்தாள்.

வெளியே வந்ததும், "அப்பா, அவங்க நிறுத்தறேன்னு சொல்லவே இல்ல. உதவி கேக்கறாங்க. நீங்க லெட்டர் கிட்டர் எழுதிடாதீங்க" என்றாள்.

எழுதவில்லை. அல்சூருக்குப் போய், தமிழ்ப் புத்தகம் வைத்திருந்த ஒரு கடையில் குழந்தைகளுக்கான வாசிப்புப் புத்தகம் வாங்கி வந்தேன். எனக்குப் பழக்கமான மொழி, எழுத்தைப் பார்த்தால் ஓசை தெரியும் மொழி, நான்கு மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொரு திட்டக் கோப்பின் முதல் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு வாக்கியம் இருக்கும்.

தினமும் நாலரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் வகுப்பு. ஐந்து நிமிடம் அவள் நாற்காலியில் இருப்பாள். பிறகு முழங்கால் நாற்காலியிலும் தலை மேசையிலும் இருக்கும். பிறகு அவள் மொத்தமாக மேசைக்கு அடியில் இருப்பாள். அங்கிருந்து, "சாக்கு தாத்தா" என்று குரல் வரும். போதும் என்பதை அவள் கன்னடத்தில்தான் சொல்வாள். மறுப்பதற்கு அந்த மொழி, கெஞ்சுவதற்குத் தமிழ், பொய் சொல்ல ஆங்கிலம்.

மரத்தின் படம் போட்ட பக்கத்தில் விரலை வைத்து, "ம, ர, ம்" என்று ஒவ்வொரு எழுத்தையும் பிழையில்லாமல் சொல்வாள். சேர்த்துச் சொல் என்றால், படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "செடி" என்பாள்.

"பாப்பா, ம வந்துச்சு, ர வந்துச்சு. செடி எங்கேருந்து வந்துச்சு?"

"இது சின்னதா இருக்கு தாத்தா. மரம்னா பெருசா இருக்கும்."

வாதத்தில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் படத்தின் மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்தேன். அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படியே ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது, தசரா விடுமுறை போனது. ஓர் ஊழியருக்கு நான் ஒரே விஷயத்தை மூன்று முறைக்கு மேல் சொன்னதில்லை. இவளுக்கு 'மரம்' என்ற சொல்லை எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. பாடம் முடிந்ததும் நான் சோபாவில் சாய்ந்துவிடுவேன். அவள் புத்துணர்ச்சியோடு கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு விளையாட ஓடுவாள். கற்றுக்கொள்வதில் இவ்வளவு களைப்பு கற்றுக்கொடுப்பவனுக்கு மட்டும் ஏன் வருகிறது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே மகள் கேட்டாள்: "எப்படிப்பா போயிட்டிருக்கு? நாளைக்கு மிஸ்ஸுக்கு நான் மெசேஜ் பண்ணணும். ரெண்டு வரி எழுதி வைங்க."

ரெண்டு வரி எழுதுவது என்றால் என் கைக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். நீல மையில், வரிசை எண் இல்லாமல், வழக்கமான நடையில் எழுதினேன். 'எழுத்துகளை அறிவார். சேர்த்துப் படிப்பதில்லை. கவனம் குறைவு. முயற்சி குறைவு. இந்த ஆண்டு தேறுவது கடினம்.' கீழே சுருக்கொப்பமும் தேதியும் இட்டேன். ஃப்ரிட்ஜ் கதவில் காந்த வில்லையால் ஒட்டினேன். இத்தகைய அறிக்கையை உறையில் இட்டு அரக்கு வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. சம்பந்தப்பட்டவருக்குத்தான் படிக்கத் தெரியாதே என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை நாலரைக்கு அவள் புத்தகத்தைக் கொண்டுவரவில்லை.

"பாப்பா, புக்கு?"

"பேடா."

வேண்டாம் என்று அவள் சொல்வது புதிதல்ல. ஆனால் வழக்கமாக அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சிரிப்பும் ஒரு பேரமும் இருக்கும். ஒரு பிஸ்கட், ஒரு பக்கம். அன்று எதுவும் இல்லை. என்னைத் தாண்டிப் போய் கதவைத் திறந்து கீழே இறங்கிவிட்டாள். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. பால் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள், என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

வியாழன் காலை அவளுக்குத் தலை வாரிவிட்டு வந்த மகள், சீப்பை மேசை மேல் வைத்தாள். கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

"அப்பா, குறைவுன்னா என்னன்னு கேக்கறா."

"எங்கேருந்து கேட்டாளாம்?"

"கேக்கலப்பா. படிச்சிருக்கா. ஃப்ரிட்ஜ்ல ரெண்டு தடவ இருந்துச்சாம். ஒருவேள அது கெட்ட வார்த்தையான்னு கேக்கறா."

நான் ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். குறைவு, குறைவு. ரெண்டு தடவைதான். படம் இல்லை, அட்டை இல்லை, விரல் வைத்துக் காட்ட யாரும் இல்லை. ஐந்து மாதம் நான் காத்திருந்த காரியம் என் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்திருந்தது. என் பேத்தி தானாகப் படித்த முதல் வாக்கியம், அவளைப் பற்றி நான் எழுதிய வாக்கியம்.

"நீ என்ன சொன்ன?"

"கம்மின்னு அர்த்தம்னு சொன்னேன். நான் கம்மியான்னு கேட்டா." மகள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "நீங்க இன்னும் ஆபீஸ்லயேதான் இருக்கீங்கப்பா."

அன்று இரவு விஷயம் தெரிந்த மருமகன் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "மாமா, எனக்கும் ஒண்ணு எழுதி வெச்சிருந்தா இப்பவே குடுத்துடுங்க. கண்ல படற எடத்துல ஒட்டிடாதீங்க" என்றார். சமாதானத்துக்குத்தான் சொன்னார். சிரிக்க முயன்றேன்.

படிக்கத் தெரிந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்கலாம். டிசம்பர் முதல் வாரத்தில் பள்ளி டைரியில் ஆசிரியை எழுதி அனுப்பினார்: உரக்கப் படிக்கச் சொன்னால் வாயைத் திறக்க மறுக்கிறாள், முன்பு படத்தைப் பார்த்தாவது சொல்வாள், இப்போது அதுவும் இல்லை. அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பது வீட்டில் எங்களுக்குத் தெரியும். ஆனால் படித்தால் என்ன கிடைக்கும் என்று முதல் தடவையிலேயே அவளுக்குக் காட்டியிருந்தேன். இன்னொரு முறை புத்தகத்தைத் திறப்பாளா என்பது இனி என் கையில் இல்லை.

அதற்கு முன்பே, நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை, விதிப்படி செய்ய வேண்டியதைத் தாமதமாகச் செய்தேன். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன். 'பாப்பா, நான் எழுதியது தப்பு. நீ படித்தாய். எனக்குத் தெரியாது. உன் பதில் என்ன? தாத்தா.' அதை நான்காக மடித்து அவளுடைய பென்சில் டப்பாவில் வைத்தேன். அலுவலகத்தில் இதை எழுத அரை நிமிடம் ஆகியிருக்கும். இங்கே அவளுக்குத் தெரிந்த சொற்களாகத் தேட முக்கால் மணி நேரம் ஆனது. 'வருந்துகிறேன்' என்று எழுதி அடித்தேன். நீளமான சொல், தவிர, முப்பத்தாறு ஆண்டுகளில் அதைப் போட்டுக் கையெழுத்திட்ட கடிதங்களில் ஒன்றில்கூட நான் வருந்தியதில்லை.

பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து நினைவூட்டுக் கடிதம் ஒன்று வைத்தேன். அதன் பின்புறத்தில் அவள் ஒரு மீன் வரைந்திருந்ததைப் பிறகு பார்த்தேன். பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். மீனில் செய்தி ஏதும் இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரண்டாவது நினைவூட்டு. அதுவும் டப்பாவுக்குள் போனது, வெளியே வரவில்லை.

அந்த நாட்களில் ஓர் எழுத்தர் நினைவுக்கு வந்துகொண்டிருந்தார். என் பிரிவில் இருந்தவர். 'முயற்சி குறைவு' என்று நான் எழுதியதற்கு மூன்று பக்கத்தில் மனு கொடுத்தார். மனைவி அந்த ஆண்டு முழுவதும் ஆஸ்பத்திரியில் இருந்ததாக எழுதியிருந்தார். 'பரிசீலிக்கப்பட்டது. மாற்றக் காரணமில்லை' என்று குறித்து அனுப்பினேன். தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை. அதன் பிறகு அவர் என் மேசைக்கு நேராக வந்ததே இல்லை. கோப்புகளை ப்யூன் கையில் கொடுத்தனுப்புவார். நான் அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ மனுக்கள் என் மேசைக்கு வந்தன. ஒரு குறிப்பைக்கூட நான் நீக்கியதில்லை. நீக்குவதற்கான நடைமுறை எனக்கு மனப்பாடம், செய்ததுதான் கிடையாது.

புத்தாண்டு பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். அந்தத் தாள் இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. கிழித்துப் போடுங்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். பதிவேட்டிலிருந்து தாளைக் கிழிக்கக் கூடாது என்று நான் தடுத்திருந்தேன். அன்று நாலரை மணிக்கு, அவள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது, தாளை எடுத்து மேசையில் வைத்தேன். ஸ்கேலை வைத்து ஐந்து வாக்கியங்களில் முதலாவதை விட்டுவிட்டு மற்ற நான்கையும் சிவப்பு மையால் ஒவ்வொன்றாக அடித்தேன். ஓரத்தில் 'நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். கண்ணை என் பக்கம் திருப்பாமல், உதட்டில் பால் மீசையோடு, அவள் ஸ்கேல் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத மட்டும் அடிக்கல?" என்றாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று அவளாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டு.

"படிச்சுப் பாரு."

அவள் படிக்கவில்லை. டம்ளரைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டுக் கீழே போனாள். தாளை மறுபடி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன், இந்த முறை அவள் உயரத்துக்கு. பிறகு சோபாவில் சாய்ந்தேன். எதிர்பார்ப்பு என்று எதுவும் இல்லை. ஒரு மாத அவகாசம் முடிந்துவிட்டது. மனு வராவிட்டால் கோப்பை மூடலாம் என்று விதி சொல்கிறது. மூடவும் தெம்பில்லை.

அடுத்த சில நாள் நான் எதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் தூங்கி எழுந்து வந்தபோது வேன் வந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டம்மா குழந்தையை மேலே கொண்டுவந்து விட்டிருந்தார். அவள் மேசைக்கு அடியில் இருந்தாள். மேசை மேல் வாசிப்புப் புத்தகம், நாங்கள் நிறுத்திய பக்கத்தில் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல், மரத்தின் படத்தை மறைத்தபடி, மீன் வரைந்த என் முதல் நினைவூட்டு. மீனுக்குக் கீழே பென்சிலால் கோணல்மாணலாக எழுதியிருந்தது. தெரிந்த சொற்களை வைத்துத்தானே எழுத முடியும். அவளுக்குத் தெரிந்தவை பெரும்பாலும் நான் கொடுத்தவை.

'தாத்தா கவனம் குறைவு. முயற்சி கம்மி இல்ல. படி.'

"பாப்பா, யார் படிக்கணும்?" என்று குனிந்து கேட்டேன்.

"நீ ஒரு பக்கம். நான் ஒரு பக்கம்," என்றது மேசையின் அடி. "நான் தப்பா சொன்னா எழுதக் கூடாது."

சரி என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கடிதத்தின் வலது மூலையில் பெற்ற தேதியைக் குறித்தேன், அது ஒன்றை மட்டும்: ஜனவரி ஒன்பது.