இரண்டு சேனலைச் சேர்த்தேன்

சித்தூரில் முப்பத்தொரு வருஷம் பிசிக்ஸ் நடத்தியவன் நான். பேய், அசரீரி எதையும் நம்பினதில்லை. நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் சேகர் திருப்பதியில் படித்து அமெரிக்கா போனவன். முதல் லீவில் ஏழு சேனல் ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் மனைவி ருக்குவுக்குக் காது மந்தம், போனில் பேசினால் கேட்காது. அதனால் அவன் கேசட்டில் பேசி அனுப்புவான், அதை ரிசீவர் வழியாகப் போட்டால் அவள் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்பாள். வரவர அதுவும் கேட்கவில்லை. இரண்டு சேனலைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் சத்தம் கூடும் என்று கணக்குப் போட்டேன்.

"வேணா நைனா, இதுல ரெண்டைச் சேர்த்து பிரிட்ஜ் பண்ண முடியாது, எரிஞ்சிடும்" என்றான் சேகர் போனில்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

சேர்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் புகை.

மறுநாள் ஒயர் நாலையும் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, ரிசீவரைத் திருப்பதிக்குக் கொண்டுபோனேன். "லோபல அந்தா காலிப்போயிந்தி சார்" என்றான் மெக்கானிக். உள்ளே எல்லாம் எரிந்துவிட்டதாம். அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தால், மதியம் மூன்று மணி, ருக்கு அந்த ஸ்பீக்கர்மேல் கை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"துன்னியாடா? நார்த்தங்கா ஊறுகா அனுப்பட்டா? வேணாவா? செரி, மாங்கா அனுப்பறேன்."

சிரிப்பு வேறு. சுருட்டிய ஒயர் நாலும் வைத்த இடத்திலேயே இருந்தது, எண்ணிப் பார்த்தேன். எரித்த வெட்கமோ பயமோ, "செத்த பெட்டிகிட்ட என்னடி பேச்சு!" என்று கத்தினேன். அது மட்டும் அவளுக்குக் கேட்டுவிட்டது. கையை எடுத்தாள். அப்புறம் அதைத் தொடவே இல்லை.

பதினோராம் நாள் ஒரு கேசட் வந்தது. ருக்கு கோயிலுக்குப் போயிருந்தாள், சின்ன டேப்பில் போட்டேன்.

"துன்னேம்மா." ஏழு விநாடி இடைவெளி. "நார்த்தங்கா வேணாம்மா, கசக்குது." மறுபடி இடைவெளி. "ம், மாங்கா அனுப்பு." அப்புறம், "யாரு, நைனாவா கத்தறாரு?"

அவ்வளவுதான். மீதி இருபத்திரண்டு நிமிஷம் பேச்சே இல்லை.

சேகரைக் கேட்டால், "அம்மா எதிர்ல இருக்கிற மாதிரி நெனச்சுப் பேசினேன் நைனா. கத்தறாருன்னு நான் சொன்னேனா?" என்கிறான். ருக்குவிடம் அந்தக் கேசட்டைக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் போய்ச்சேர்ந்து ஐந்து வருஷமாகிறது.

அந்த இருபத்திரண்டு நிமிஷத்தை இப்போதும் போட்டுக் கேட்கிறேன். மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது, யாரோ பேசட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. பல தடவை எண்ணிவிட்டேன். ஒருவர் மூச்சு இல்லை அது. இரண்டு பேருடையது.