மேசைக்குக் கீழே ஒரு புரொஜெக்டர்

போன கிழமை என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. மகள் கிளாரினெட் வாசிக்கும் பள்ளிக்கூட பாண்ட் குழுவிலிருந்து. சனியும் ஞாயிறும் பழம்பொருள் சந்தை, ஒவ்வொரு பெற்றோரும் இரண்டு லீட்டர் வாஃபல் மா கரைத்துக்கொண்டு வரவேண்டும், ஏலக்காய் போட மறக்கவேண்டாம். ஏலக்காயைப் பற்றி ஒரு யாழ்ப்பாணத்தானுக்கு ஞாபகப்படுத்துகிறார்கள். சனிக்கிழமை காலை குசினியில் நின்று ஏலக்காயை இடித்தேன். மணம் மூக்கில் ஏறியதும் மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆகிவிட்டேன். "அப்பா, மா வழியுது" என்று மகள் வந்து சொல்லும்வரை நான் அங்கே இல்லை. மாணவனாக இருந்த காலத்து ஸ்டோவ்னரில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒஸ்லோவுக்கு மேற்படிப்புக்கு வந்த முதல் இலையுதிர்காலம் அது. ஒரு சனிக்கிழமை நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ஸ்டோவ்னரில் ஏதோ வாங்கிக்கொண்டு நடந்து வரும்போது ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்திலிருந்து ஏலக்காய் மணம் வந்தது. உங்களுக்குத் தெரியும், எங்கள் ஆட்களுக்கு ஏலக்காய் மணம் வந்தால் உள்ளே பாயாசம் கொதிக்கிறது என்று அர்த்தம். பாயாசம் கொதித்தால் விசேஷம். இங்கே தமிழ் ஆட்களின் விசேஷமெல்லாம் பள்ளிக்கூட மண்டபங்களில்தான் நடக்கும் என்று யாரோ சொல்லியும் இருந்தார்கள். அழைப்பில்லாமல் போனால் என்ன, யாராவது தெரிந்தவர் இருக்கமாட்டாரா என்று சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டுத் தலையைக் கையால் வாரிக்கொண்டு நுழைந்தேன். உள்ளே மாப்பிள்ளையும் இல்லை, கலியாணப் பொம்பிளையும் இல்லை. இருநூறு முந்நூறு நோர்வேக்காரர்கள் பிறத்தியாருடைய பழைய காற்சட்டைகளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மணம் வாஃபலிலிருந்து வந்தது.

அதற்குப் பெயர் லொப்பெமார்க்கெட் என்று பிறகு அறிந்தேன். அகராதியில் 'லொப்பெ' என்றால் தெள்ளுப்பூச்சி என்று இருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் வேண்டாத பொருட்களைச் சேர்த்து, பிள்ளைகளின் பாண்ட் குழுவுக்காகப் பெற்றோர்களே விற்பார்கள். வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர்காலத்தில் ஒருமுறை. யாருக்கும் சம்பளம் கிடையாது. அப்படிச் சேர்ந்து செய்யும் வேலைக்கு 'டுக்னாட்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் சிரமதானம் என்பது இதுதான் என்று என் அறைத்தோழர் செந்திலுக்கு விளக்கினேன். அவர் மதுரைக்காரர். சிரமதானம் என்றால் என்ன என்று அவருக்கும் ஒரு விளக்கம் சொல்லவேண்டியிருந்தது.

செந்திலும் நானும் வெஸ்ட்லியில், ஐந்தாம் இலக்க ரயில் போய் முடியும் இடத்தில், ஒரு மாடி வீட்டில் ஓர் அறையைப் பங்கு போட்டிருந்தோம். இருவருக்கும் தாய்மொழி தமிழ் என்றுதான் கையெழுத்து வைத்துக் குடிபோனோம். முதல் நாள் காலை நான் வெளிக்கிடும்போது வழக்கம்போல "போட்டு வாறன்" என்றேன். எங்கள் பக்கத்தில் வாசல் தாண்டும்போது யாரும் போகிறேன் என்று சொல்லமாட்டோம். போய்விட்டு வருகிறேன் என்பதுதான் வாய்க்குள் அப்படிச் சுருங்கிப் போட்டு வாறன் ஆகிவிட்டது. செந்தில் குசினிக்குள் போய் ஒரு பையைக் கட்டி எடுத்துவந்து நீட்டினார்.

"அப்படியே நம்ம குப்பையையும் போட்டுட்டு வந்துடுங்க பாஸ்."

அந்தச் சொல்லின் பொருளை அன்றைக்கே விளங்கப்படுத்தினேன். விளங்கிய பிறகும் இரண்டு வருஷம் தினமும் குப்பைப் பையை என்னிடம்தான் நீட்டினார்.

கூடப் படித்தவர்களுக்கு ஆளுக்கொரு பித்து இருந்தது. ஒருவனுக்குப் பனிச்சறுக்கு, ஒருத்திக்குக் காட்டுக் காளான். எனக்கு அந்தத் தெள்ளுச் சந்தையில் பிடித்த பித்து வேறு. முதல் நாளே ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய ஸ்லைட் படங்கள் வாங்கினேன். பழைய காலத்து ஃபிலிம் துண்டுகள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு சட்டத்துக்குள் இருக்கும். யாரோ முன்பின் தெரியாத குடும்பத்தின் விடுமுறைகள். யன்னலோரம் போய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன். தாய், மூன்று பிள்ளைகள், எல்லோருக்கும் சிவப்புத் தொப்பி. மலைக்குடில், தோடம்பழம், நீலக் கார், கூடாரம். படிக்கவேண்டிய நேரத்தில் எல்லாம் அவர்களைத்தான் பார்த்தேன். அந்தக் கடைசிப் பிள்ளை எப்போதும் ஒரு சப்பாத்தைக் கழற்றியே வைத்திருந்தது.

தகப்பனைக் காணவில்லை. படம் எடுத்ததே அவர்தான் போலிருக்கிறது. ஒரே ஒரு படத்தில் பனியின் மேல் அவருடைய நிழல் விழுந்திருந்தது, இரண்டு முழங்கையும் விரிந்து, முகத்தருகே கமராவோடு. செந்தில் அவருக்கு நிழல் மாமா என்று பெயர் வைத்தார்.

இந்தப் பித்துக்கு நவம்பர் மாதம் எதிரி. பின்னேரம் மூன்றரைக்கெல்லாம் யன்னல் கறுத்துவிடும். விரிவுரை முடிந்து வீடு வந்தால் படம் பார்க்க வெளிச்சம் இல்லை. மேசை விளக்கின் குமிழுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்ததில் ஒரு மலைக்குடில் உருகிப்போனது. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பெட்டியை மூடிவைத்துக்கொண்டு இருந்தேன். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே மனம் அவர்களைத் தேடியது.

அடுத்த இலையுதிர்காலச் சந்தையில்தான் புரொஜெக்டரைக் கண்டேன். பள்ளிக்கூடத்தின் மரவேலை அறையில் மின்சாரச் சாமான்களை வைத்திருந்தார்கள். அதற்குப் பொறுப்பு பெரித் என்ற பெண். நாற்பது நாற்பத்தைந்து வயது, கொண்டையில் ஒரு திருகாணிச் சாவி செருகியிருக்கும். மகன் பாண்ட் குழுவில் தூபா ஊதுகிறவன். வந்த ஒவ்வொரு சாமானையும் செருகிப் பார்த்து, வேலை செய்தால்தான் மேசையில் வைப்பார். எனக்கு அந்தப் புரொஜெக்டரைச் செருகிக் காட்டினார். மின்விசிறி இரைந்தது, சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் விழுந்தது. சிவப்புத் தொப்பிகள் அந்தச் சதுரத்துக்குள் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆனால் வாங்கவில்லை. காரணம் செந்திலின் சட்டம். அதற்கு முந்திய சந்தையில் நான் ஓர் உலக உருண்டையும், பாதிக் கட்டை இல்லாத ஓர் அக்கோடியனும் கொண்டுவந்து போட்டதில், இனி ஒரு சாமான் உள்ளே வந்தால் ஒரு சாமான் வெளியே போகவேண்டும் என்று சொல்லியிருந்தார். வெளியே போடக்கூடியதாக எதுவும் என் பக்கம் இல்லை. எடுத்து வையுங்கள் என்று பெரித்திடம் கேட்கவும் கூச்சம். விடைபெற்றேன். அங்கேதான் பிழை நடந்தது. நோர்வே மொழியில் விடைபெற ஒரு சின்னச் சொல் இருக்கிறது, ஆனால் இவ்வளவு நேரம் மெனக்கெட்டுக் காட்டிய மனுசியிடம் அதை வெடுக்கென்று சொல்ல வாய் வரவில்லை. மரியாதையாக எங்கள் வழக்கத்தை அப்படியே மொழிபெயர்த்தேன்.

"யாய் கோர் ஓ கொம்மெர்."

நான் போய் வருகிறேன். பெரித் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை செந்திலிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்தார். அதற்கென்ன பாஸ், என்னோட சேரையே தூக்கிப் போட்டிருக்கலாமே என்றார். எங்கள் கதிரைதான் அவருக்குச் சேர். அவர் கட்டிலில் இருந்துதான் படிப்பாராம், அந்தச் சேரில் சட்டை மட்டும்தான் இருக்குமாம். ஆனால் சந்தை முடிந்துவிட்டது. ஞாயிறு பின்னேரம் விற்காத சாமானெல்லாம் குப்பைக் கொள்கலனுக்குள் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது குளிர்காலமும் பெட்டி மூடியபடியே இருந்தது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதுதான் என்னை அரித்தது.

வசந்தகாலச் சந்தைக்கு வாஃபலுக்காகத்தான் போனேன். மரவேலை அறையை எட்டிப் பார்த்தேன். பெரித் வணக்கம் சொல்லவில்லை. குனிந்து மேசைக்குக் கீழேயிருந்து புரொஜெக்டரைத் தூக்கி என் முன்னே வைத்தார். அதன் தலையில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. 'அவன் போய் வருவான்' என்று நோர்வே மொழியில் எழுதியிருந்தது.

அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே சொல்கிறேன். நோர்வே மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான், அதனால் கோபித்தாரா உரிமையோடு சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டு எங்கை போனனீ?"

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிழவர் இரண்டு தரம் வந்து கேட்டாராம், கொடுக்கவில்லையாம். கொள்கலனுக்குள் போட மனம் வராமல் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய், அரை வருஷம் குசினியில் இருக்கும் வாங்குப் பலகையின் கீழே வைத்திருந்தாராம். புருஷன் காலில் இடித்துக்கொண்டே இருந்தாராம். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. எங்கள் பாஷையில் போகிறேன் என்று சொல்லக்கூடாது, அது நல்ல சொல் இல்லை, திரும்பி வருகிறோமோ இல்லையோ அப்படித்தான் சொல்லுவோம் என்று தெரிந்த நோர்வே மொழியெல்லாம் போட்டு விளக்கினேன். அவர் திருகாணிச் சாவியைக் கொண்டையில் செருகியபடி யோசித்தார்.

"அப்ப உண்மையா வாற ஆளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

இத்தனை வருஷம் சொல்லியும் ஒருநாளும் யோசிக்காத கேள்வி. மன்னிப்புக் கேட்டேன், அவர் பரவாயில்லை என்று கைகாட்டிவிட்டு ஒரு வாஃபல் எடுத்துத் தந்தார்.

புரொஜெக்டர் வீட்டுக்கு வந்தது, செந்திலின் கதிரை வெளியே போனது. ஆனால் என் யோகத்தைப் பாருங்கள். இருட்டான குளிர்காலம் முழுக்கக் கருவி இல்லை, கருவி வந்தபோது இருட்டு இல்லை. மே மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் நிற்கும். யன்னலில் இரண்டு போர்வை, அதன்மேல் செந்திலின் குளிரங்கி, ஓரங்களில் ஈரத் துவாய் என்று அடைத்துவிட்டு உட்கார்ந்தோம். முதல் படம் தலைகீழாக விழுந்தது. திருப்பிப் போட்டதும் சுவர் முழுக்கச் சிவப்புத் தொப்பிகள். கடைசிப் பிள்ளையின் கழற்றிய சப்பாத்து எங்கே கிடக்கிறது என்றுகூடத் தெரிந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

நிழல் மாமாவின் படம் வந்தபோது செந்தில் எழுந்து வெளிச்சத்துக்கு முன்னால் போய் நின்றார். பனியில் கிடந்த அந்த நிழலுக்குப் பக்கத்தில் அவருடைய நிழலும் விழுந்தது.

"பாவம் பாஸ், தனியா நிக்கிறாரு. நீங்களும் வாங்க."

நானும் போய் நின்றேன். பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தைக்கும் போவேன். பெரித் எனக்கென்று ஸ்லைட் பெட்டிகளை மேசைக்குக் கீழே எடுத்து வைத்திருப்பார். நான் வெளிக்கிடும்போது, இது உண்மையான வருகிறேனா, சும்மா வருகிறேனா என்று கேட்பார். உண்மையானது என்பேன். நான் படிப்பை முடித்த வருஷம் அவருடைய மகனும் பள்ளிக்கூடத்தை முடித்தான். பிள்ளை போனால் டுக்னாட்டும் முடிந்தது. வடக்கே தன் பிறந்த ஊருக்குக் குடிபோகப்போவதாகச் சொன்னார். கடைசிச் சந்தையில் கைகொடுத்துவிட்டு, கதவடியில் நின்று திரும்பினார்.

"யாய் கோர் ஓ கொம்மெர்."

சரியாகத்தான் சொன்னார். எந்த அர்த்தத்தில் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த இலையுதிர்காலம் மரவேலை அறையில் மீசை வைத்த ஓர் ஆள் நின்றார். அதற்கடுத்த வசந்தத்திலும் அவர்தான்.

இப்போது அந்த மரவேலை அறை இல்லை, பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். செந்தில் மதுரையில் ஆறு சேர் போட்ட சாப்பாட்டு மேசையோடு இருக்கிறார். என் புரொஜெக்டரின் குமிழ் எரிந்துபோய், அந்த அளவுக் குமிழ் எங்கும் கிடைக்கவில்லை. சிவப்புத் தொப்பிக் குடும்பம் நிலவறையில் சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கிறது. என் மகள் வாசலில் நின்று "போறன்" என்கிறாள். அப்படிச் சொல்லக்கூடாது என்றால், "வீட்டைதானே வருவன், பிறகேன் சொல்லவேணும்?" என்று கேட்கிறாள்.

மகளின் பாண்ட் குழுச் சந்தையில் ஞாயிறு பின்னேரம் வாஃபல் முடிந்ததும் என்னை மின்சாரச் சாமான் பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஒரு ஸ்லைட் புரொஜெக்டர் இருந்தது. என்னுடையதைவிட நல்லது. இரண்டு நாளாக ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. செருகிப் பார்த்தேன், மின்விசிறி இரைந்தது, வெள்ளைச் சதுரம் விழுந்தது. என்னோடு நின்ற நோர்வேத் தாய் கொள்கலனுக்குப் போகவேண்டிய சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அதையும் தூக்கக் கைநீட்டினார்.

அது ஒருவருக்கு என்று எடுத்து வைத்தது என்றேன். ஒரு துண்டில் 'அவள் போய் வருவாள்' என்று நோர்வே மொழியில் எழுதி அதன் தலையில் ஒட்டி, மேசைக்குக் கீழே தள்ளி வைத்தேன். அந்தப் பெண் குனிந்து துண்டை வாசித்துவிட்டு, எப்போது வருவார் என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன். "ஆனால் சொல்லிவிட்டுத்தான் போனவர்."