‘முடியாது’ என்று எழுதாத தெசாங்கா

நீஷ் நகரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர் இருந்தோம். பாஸ்டன் நிறுவனம் ஒன்றின் கிடங்குகளுக்கான மென்பொருளைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. என் பக்கத்து மேசை தெசாங்கா. ரேடியோ தொழிற்சாலை மூடிய பிறகு, முப்பத்தைந்து வயதில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டவள். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஐந்து வருடம். இந்த வேலை போனால் வேறெங்கும் எடுக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவளிடம் ஒரு குறிப்புக் கோப்பு இருந்தது. முன்பாதியில் அடிக்கடி தேவைப்படும் நிரல் துண்டுகள்: தேதியைத் திருப்பிப் போடுவது, இரட்டைப் பதிவுகளை நீக்குவது. பின்பாதியில் அமெரிக்கர்களுக்கு எழுதவேண்டிய வாக்கியங்கள். ஒருமுறை அவள் "இது நடக்காது" என்று பதில் எழுதி, முரட்டுத்தனம் என்று புகார் வந்து, சிரித்த முகத்தோடு பேசக் கற்றுத்தரும் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார்கள். எங்கள் ஊரில் நடக்காததை நடக்காது என்றுதான் சொல்வோம். வகுப்பிலிருந்து வந்தவள் எழுதிக்கொண்டாள்: "முடியாது என்று எழுதாதே. அவர்கள் கருத்தைக் கேள்." நாங்கள் எல்லோருமே அதைப் பார்த்துத்தான் கடிதம் எழுதினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், தரவு முழுவதையும் புது சர்வருக்கு மாற்றச் சொன்னான் பாஸ்டன் மேலாளர் டக்ளஸ். காப்பு நகல் ஒன்று இருந்தது. அது திறக்குமா என்று எவரும் பார்த்ததில்லை.

"வேண்டாம்னு ஒரே வார்த்தையில எழுதிடுக்கா," என்றான் எதிர்மேசை வுகாஷின்.

"எழுதிட்டு மறுபடி அந்த வகுப்புல போய் சிரிக்கப் பழகவா? நீ போடா தம்பி, உனக்குத்தான் பல்லு நல்லாயிருக்கு."

காப்பு நகலைச் சோதித்துவிட்டு அடுத்த வாரம் மாற்றினால் இன்னும் நன்றாக இருக்கலாம், உங்கள் கருத்து என்ன என்று எழுதினாள். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: அருமையான யோசனை, அடுத்த முறை அப்படியே செய்வோம், இன்று முடித்துவிடுங்கள்.

"இப்பவாவது சொல்லுக்கா."

"சொல்லியாச்சுடா. அவன்தான் படிச்சிட்டானே."

பாதி வழியில் மாற்றம் நின்றது. காப்பு நகல் திறக்கவில்லை. மூன்று மாதத்துச் சரக்குப் பதிவுகள் போயின.

திங்களன்று வீடியோ அழைப்பில் டக்ளஸ் கோபப்படவில்லை. "ஆபத்துன்னு தெரிஞ்சும் வேண்டாம்னு ஏன் சொல்லல?" என்றுதான் கேட்டான்.

தெசாங்கா தன் கடிதத்தைக் காட்டினாள்.

"இதுல எங்க இருக்கு?"

அவளும் படித்துப் பார்த்தாள்.

அந்த மாதமே ஒப்பந்தம் முறிந்தது. முதலாளி எங்கள் நான்கு பேரை வேறு வேலைக்கு மாற்றினார், தெசாங்காவை மட்டும் நிறுத்திவிட்டார். நான் அவளுக்காகப் பேசுகிறேன் என்றேன்.

"பேசாதே. அப்புறம் உன் வயசையும் பார்ப்பாரு."

ஏழு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஒன்று மட்டும் பதில் போட்டு, பிறந்த வருடம் கேட்டது. எழுதி அனுப்பினாள், அதோடு சரி.

செப்டம்பரில் சந்தையில் பார்த்தேன், குடமிளகாய் மூட்டையோடு நின்றாள்.

"எப்படி இருக்கே?"

"பென்ஷனுக்கு நாலு வருஷம் எட்டு மாசம்," என்றபடி மூட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.