லாடத்தைக் கழற்றச் சொன்னார்கள்

லாடம் அடிக்கிறவன் நாள் முழுக்கப் பார்ப்பது குதிரையின் பின்னங்காலைத்தான். அதனால் எவரையும் சட்டென்று நம்பும் பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. துரைமாரிடம் சம்பளம் வாங்கிய எல்லோருக்கும் இந்த வியாதி கொஞ்சம் இருக்கும். உங்களுக்கும் இருக்கிறதென்றால் பக்கத்தில் வந்து இருங்கள், கதைப்போம்.

நான் கொட்டாஞ்சேனைக்காரன். மருதானையில் ஒரு தொண்டர் குதிரைப்படையின் லாயத்தில் வேலை. கைவேலைக்காரன் என்பதால் எல்லோரும் என்னைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெர்மன்காரனோடு யுத்தம் வரப்போகிறது என்று கொழும்பு முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது.

நல்ல இடம்

ஒருநாள் காலை மேஜர் துரை சிரித்துக்கொண்டே லாயத்துக்குள் வந்தார். துரை சிரித்தால் எனக்குச் சந்தேகம்தான். இனிமேல் இது குதிரைப்படை இல்லையாம், பீரங்கிப்படையாம். பீரங்கியை லொறி இழுக்குமாம். "குதிரைக்கெல்லாம் நல்ல இடம் பார்த்தாச்சு" என்று தோட்டத் தமிழில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எந்த இடம், யார் வாங்கினார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

முத்தையா அப்படியே நின்றுவிட்டான். குதிரைகளைக் குளிப்பாட்டித் தீனி வைக்கும் குதிரைக்காரர்களுக்கெல்லாம் அவன்தான் தலைவன். லில்லி என்ற பெட்டைக் குதிரை அவன் கையால் வைத்தால்தான் கொள்ளுத் தின்னும். வேண்டாத குதிரைகளைப் பட்டாளத்தில் சுட்டுவிடுவார்கள் என்று அவனும் கேள்விப்பட்டிருந்தான், நானும் கேள்விப்பட்டிருந்தேன். என் காதருகே வந்து சொன்னான்: "விக்கிறவன் ஊர் பேரைச் சொல்லுவான், பாஸ். கொல்லப்போறவன்தான் நல்ல இடம்னு மட்டும் சொல்லுவான்."

பீரங்கிக்குக் கால் பார்த்தது

பீரங்கிகள் வந்து இறங்கின. கொட்டகை கட்டி முடியவில்லை என்று லாயத்திலேயே, குதிரைகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குதிரைகள் அவற்றைப் பார்த்துக் காதை மடக்கின. அவற்றுக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

படைக்காரருக்கோ பழைய பழக்கம் விடவில்லை. குதிரைக்குப் பின்னால் போகிறவன் முதலில் குரல் கொடுத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகவேண்டும். இல்லாவிட்டால் உதை நிச்சயம். வங்கியில் வேலை பார்த்த ஒரு சின்னத் துரை பீரங்கிக்குப் பின்னால் போகும்போதெல்லாம் "ஹோ, ஹோ" என்று சொல்லி இரும்பைத் தட்டிக்கொடுப்பார். அதையாவது விடுங்கள். ஒரு பின்னேரம் மேஜர் துரையே பீரங்கியின் சக்கரத்தை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்து, குனிந்து, காலைத் தூக்கு என்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார். பீரங்கி பழக்க வந்திருந்த பறங்கிச் சார்ஜன் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னான்: "பாஸ், சுத்தியலோட ரெடியா நில்லும். துரை இதுக்கும் லாடம் அடிக்கச் சொல்லப்போறார்."

வாசலில் நின்ற மனுசன்

அந்த நாட்களில் ஒரு நடுத்தர வயது முஸ்லிம் மனுசன் வாசலில் வந்து வந்து நின்றார். எட்டிப் பார்ப்பதும், காவல்காரனிடம் "குதிர இன்னும் எத்தின ஈக்குது?" என்று கேட்பதும்தான் வேலை. ஜெர்மன்காரனுடைய வேவுகாரன் என்று சார்ஜன் முடிவுகட்டிவிட்டான். முத்தையாவோ, "இல்ல பாஸ், இவன் தோல் யாவாரி. செத்த பொறகு உரிக்கிறதுக்கு இப்பவே கணக்குப் பாக்கிறான்" என்று பல்லைக் கடித்தான். எனக்கு அதுதான் சரியென்று பட்டது. என் கையும் லாடம் கழற்றும் குறட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அவரைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து, யார் அனுப்பியது என்று சார்ஜன் மேசையில் அடித்துக் கேட்டான். மனுசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் ஹனீபா நானாவாம். வெள்ளவத்தையில் வாய்க்கால் ஓரமாகக் கீரைத்தோட்டமாம். எங்கள் லாயத்துக் குதிரைச் சாணிப் பசளையை வண்டியில் ஏற்றிப் போவதெல்லாம் அவருடைய தோட்டத்துக்குத்தானாம். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு சார்ஜனைப் பார்த்துக் கேட்டார்: "குதிரய எல்லாம் அனுப்பிட்டா ஏன்ட கீரைக்கு நான் என்னத்தப் போடுற? இந்தப் பீரங்கி சாணி போடுமா, செல்லுங்க!"

பின்னங்கால்

பிறகுதான் அந்த உத்தரவு வந்தது. எல்லாக் குதிரைக்கும் பின்னங்கால் லாடத்தைக் கழற்று. நடக்கப்போகிற குதிரைக்கு லாடத்தை அடிப்பார்களா, கழற்றுவார்களா? என் காலத்தில் எங்கள் குதிரைகள் கொழும்பைத் தாண்டிப் போனதில்லை. ஏன் என்று துரையிடம் கேட்டேன். "நாளைக்கு ரயில். சொன்னதைச் செய்" என்றார். ரயில் என்றதையும் நான் நம்பவில்லை.

ஒவ்வொன்றாகக் கழற்றினேன். லில்லியிடம் வந்தபோது முத்தையா அதன் காலுக்கும் என் குறட்டுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான். கண்ணால் தாரைதாரையாக வடிகிறது. என்னடா செய்யச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கினான். "கழட்டுங்க, பாஸ். நானும் அது கூடவே வண்டியில ஏறிடுவேன். சுடுறதா இருந்தா என் கண்ணு முன்னாடி சுடட்டும்."

கூட்ஸ் வண்டியில் போனவன்

சொன்னபடியே ஏறிப்போனான். அவன் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தவன் வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு ஓடி வந்தான். மலைநாட்டில் ஒரு பெரிய தோட்டமாம். புல்லென்றால் புல்லாம். லில்லி இறங்கினதும் ஓடின ஓட்டத்தைப் பார்க்கவேண்டுமாம். ரயில் பெட்டிக்குள் ஒன்றையொன்று உதைத்துக் காயப்படுத்தும் என்றுதான் பின்னங்கால் லாடத்தைக் கழற்றச் சொன்னார்களாம். ஒரு வார்த்தை அதைச் சொல்லியிருந்தால் என்ன, குடிமுழுகிப் போகுமா? இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தோம். துரையைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமே என்று முத்தையா கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் துரை எங்களைக் கூப்பிட்டார். நன்றாக வேலை செய்தீர்களாம். லொறிக்கு லாடமும் வேண்டாம், குதிரைக்காரனும் வேண்டாம் என்பதால் மாதக் கடைசியோடு எங்கள் எல்லோருக்கும் கணக்கு முடித்துவிடுவார்களாம். முத்தையாதான், லில்லி போன தோட்டத்தில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா துரை, என்று கேட்டான். துரை அவன் தோளில் தட்டிச் சிரித்தார்: "கவலை வேணாம், முத்தையா. அங்கே ஆள் இருக்கு."

குதிரைகளைச் சுட்டுவிடுவார்களோ என்று கீரைக்காரர் வரைக்கும் சந்தேகப்பட்ட நாங்கள், எங்களை என்ன செய்யப்போகிறார்கள் என்று மட்டும் ஒருவரையும் சந்தேகப்படவில்லை.