வெற்றிலை வந்தால்தான் அடுப்பு அணையும்

வேம்பு மாமி எண்ணெய்ச் சட்டியை ஏற்றுமுன் வாசலை எட்டிப் பார்க்கிறாள். தாம்பாளம் தூக்கும் அம்பி வந்திருந்தால்தான் அடுப்பில் விறகு. பெயர்தான் அம்பி, தலையில் பாதி நரை.

"சுட்டு வெச்சுண்டு ஆளைத் தேடப்படாது. ஆளை வெச்சுண்டு சுடணும். இல்லேன்னா நமுத்துப் போயிடும்" என்பாள். மயிலாப்பூரில் கல்யாண பட்சணம் என்றால் மாமிதான். ருசி இருக்கட்டும், சொன்ன வேளைக்கு மொறுமொறுவென்று வந்து சேர்ந்துவிடும்.

பட்சணம் போன பிறகும் அடுப்பை அணைக்க மாட்டாள். இன்னொரு தாம்பாளத்துக்கு மாவு ஈரத்துணிக்குள் காத்திருக்கும். கல்யாண வீட்டார் தாம்பாளத்தை வெறுமனே திருப்ப மாட்டார்களே, வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அனுப்புவார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகே தணலில் தண்ணீர். விறகுக்குப் பிடித்த கேடு என்று அடுத்த வீட்டுக்காரனான நான் கேலி செய்ததுண்டு.

போன பங்குனியில் ராஜகோபாலன் பெண்ணுக்குக் கல்யாணம். "சாயங்காலம் ஜானவாச ஊர்வலத்துக்குள்ள சீர் வந்துடணும் மாமி. சம்பந்தியம்மா இப்பவே மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கா. என் மானம் உங்க கையிலே" என்று மனிதர் கெஞ்சிவிட்டுப் போனார். லட்டும் அதிரசமும் காலையிலேயே போய்விட்டன. முறுக்கு மட்டும் பாக்கி. அன்று அறுபத்துமூவர் உற்சவம். சுவாமி இந்நேரம் மாடவீதி திரும்பி, வழியில் கூட்டம் கலைந்திருக்கும் என்று கணக்குப் போட்டு அம்பியை அனுப்பினாள். சுவாமியோ நின்ற இடத்திலேயே நின்றார்.

அறுபத்துமூவரன்று தாம்பாளத்தோடு வருகிறவனெல்லாம் தர்மம் பண்ண வந்தவன்தானே! "நைனா, இங்க ஒண்ணு குடு!" "கொயந்த அழுவுது, இன்னா பாத்துக்கினு கீற?" நாலா பக்கமும் கைகள் நீண்டன. சுவாமி எதிரில் நின்றுகொண்டு "இல்லை" என்று சொல்ல அம்பிக்கு வாய் வரவில்லை.

சீக்கிரமே திரும்பிவிட்டான். தாம்பாளம் காலி, வெற்றிலை இல்லை. "எல்லாரும் கேட்டுட்டா மாமி" என்று விம்மினான். நானாயிருந்தால் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருப்பேன். மாமி ஈரத்துணியைப் பிரித்தாள்.

"கணக்கு என்னுது, தப்பும் என்னுது. மூஞ்சியை அலம்பிண்டு வா."

முறுக்கு வெந்ததும் குடம் நிறைய நீர்மோரோடு மாமியே முன்னால் நடந்தாள். வீதிமுனையில் நின்று, "மோர்! மோர்!" என்று கூவினாள். அந்த வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்? கூட்டம் முழுவதும் அவள் பக்கம் சாய, துணி மூடிய தாம்பாளத்தோடு அம்பி மறுபக்கம் நழுவினான்.

வீடு திரும்பிய மாமி சொம்புத் தண்ணீரோடு அடுப்பெதிரே நின்றாள். மாவு துளியும் மிச்சமில்லை. ஆனாலும் ஒரு விறகை உள்ளே தள்ளிவிட்டாள். வாசலைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

அம்பி வந்தான். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய்.

மாமி தணலில் தண்ணீர் தெளித்தாள். மிச்சத்தைத் தன் முகத்தில் வாரி அடித்துக்கொண்டாள்.