மரத்துப்போன கையால் ஆசீர்வாதம்

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தோளில் துளை போட்டு அறுவை செய்துகொண்ட அன்று மாலை, ஊசியால் மரத்துக் கிடந்த வலது கையைக் கட்டுத் தூளியிலிருந்து உருவி, இடது கையால் தூக்கிப் பிடித்து, பார்க்க வந்த சொந்தக்காரர்களையெல்லாம் ஆசீர்வதித்தேன். “மூணே ஓட்டை. வலி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல!” நர்ஸ் நீட்டிய வலி மாத்திரையையும் வீரமாகத் திருப்பி அனுப்பினேன். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “கைய எறக்கு நைனா” என்றார்.

அவர் நொச்சிக்குப்பத்து மீனவர். அவருக்கும் அன்றுதான் அறுவை. அதே டாக்டரம்மா, அதே மூன்று ஓட்டை.

மறுநாள் காபி வருவதற்குள் என் மரப்பு விட்டுப்போனது. ஆடித் தள்ளுபடிக்கு ரங்கநாதன் தெருவில் நுழையும் கூட்டம் முழுவதும் என் தோளுக்குள் நுழைந்தது. அவரோ சற்றே முகத்தைச் சுளித்தபடி இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரம்மா வந்ததும், “அவருக்கு மட்டும் நல்லா செஞ்சிருக்கீங்களே?” என்று முறையிட்டேன்.

“ஓட்டை ஒரே மாதிரிதான் சார், உள்ள செஞ்சது வேற. அவருக்கு உரசுற எலும்பைக் கொஞ்சம் தேய்ச்சு விட்டேன். உங்களுக்குக் கிழிஞ்ச தசைநாரை எலும்புல முளை இறக்கித் தைச்சிருக்கேன். விறைப்பா இழுத்துத் தைச்சிருந்தா இன்னும் வலிச்சிருக்கும்.”

“வலையும் அப்டித்தான். இஸ்து கட்னா முடிச்சாண்ட பிச்சிக்கும்” என்றார் பக்கத்துப் படுக்கை. “மரப்பு வுடறதுக்கு முன்னாடியே மாத்திரைய போடுன்னு சிஸ்டர் சொல்லுச்சே, நீ இன்னா பண்ண? ஆசீர்வாதம் பண்ணிக்கினு இருந்த.”

நர்ஸைக் கூப்பிட்டு மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கினேன். தி.நகர் பட்டுக்கடை ஒன்றில் இருபது வருஷமாக மேல் தட்டிலிருந்து புடவைகளை இறக்கி, உதறி விரிப்பவன் நான். தசைநார் கிழிந்ததும் அப்படித்தான். கை தலைக்கு மேல் போகாவிட்டால் வாசலில் பை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிற வேலைதான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்தத் தையலை நம்பித்தான் என் பிழைப்பு. நானோ அதைக் கூட்டத்துக்கு ஆட்டிக் காட்டியிருந்தேன்.

நல்லவேளையாகத் தையல் பிரியவில்லை. ஆறு வாரம் தூளியில் கை அசையவில்லை. பிறகு மேற்கு மாம்பலத்து வீட்டுச் சுவரில் விரல்களை எறும்புபோல் மேலே நடத்தி, எட்டிய இடத்தில் தினமும் பென்சில் கோடு போட்டேன். சில நாள் கோட்டின் மேலேயே கோடு விழும். அன்றும் போட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஞாயிறுதோறும் பக்கத்துப் படுக்கைக்காரர் போனில் கேட்பார்: “எம்மாம் ஏறிச்சு?” ஒரு விரல்கடை என்றால் “சரி” என்று வைத்துவிடுவார். அந்த ஒற்றைச் சொல்லுக்காகவே அடுத்த வாரம் சுவரோடு மல்லுக்கட்டினேன்.

போன மாதம் மகளின் முகூர்த்தப் புடவைக்குக் கடைக்கு வந்தார். உதவிக்கு வந்தவரை விலக்கிவிட்டு, மேல் தட்டிலிருந்து அரக்கு நிறப் பட்டுப்புடவையை வலது கையாலேயே எடுத்தேன். எடுத்தவன், அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று கையை இறக்காமல் அப்படியே நின்றேன்.

“கைய எறக்கு நைனா, பொடவைய காட்டு.”